மெயில் இருக்கு, தேடினா வரல: டெஸ்க்டாப் மெயில் சர்ச் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவுட்லுக், தண்டர்பேர்ட், ஆப்பிள் மெயில் மாதிரி கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ணி வச்சிருக்கிற மெயில் சாஃப்ட்வேர்ல தேடும்போது ஏன் சில மெயில் சிக்காமலே போகுதுன்னு நிறைய பேர் கேக்குறாங்க. கேள்வி வேற வேற மாதிரி வந்தாலும் வேர் ஒண்ணுதான், அது இண்டெக்ஸ். அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். பெருசாத்தான் இருக்கும், உங்களுக்கு வேண்டிய கேள்விய மட்டும் படிச்சாலும் போதும்.

மெயில் கண்ணு முன்னாடியே இருக்கு, அதுல இருக்கிற வார்த்தைய அப்படியே டைப் பண்ணி தேடினாலும் வரல. எப்படி இது?

ஏன்னா நீங்க தேடுறது மெயில்ல இல்ல. சர்ச் பாக்ஸ்ல டைப் பண்ணி என்டர் தட்டினதும் சாஃப்ட்வேர் உங்க மெயில் ஒவ்வொண்ணையும் திறந்து படிச்சுப் பாக்குறது கிடையாது, முன்னாடியே தயார் பண்ணி வச்சிருக்கிற ஒரு பட்டியல மட்டும்தான் பாக்குது. அந்தப் பட்டியல்தான் இண்டெக்ஸ். புத்தகத்துக்குப் பின்னாடி இருக்கிற சொல் அட்டவணைய நினைச்சுக்கோங்க, அட்டவணை போட்டவர் ஒரு சொல்ல விட்டுட்டா புத்தகத்துக்குள்ள அந்தச் சொல் பத்து தடவை இருந்தாலும் அட்டவணை வழியா அத கண்டுபிடிக்க முடியாது.

ஆக ஒரு மெயில் தேடல்ல வராததுக்குக் காரணம் பலது இருக்கலாம். அந்த மெயில் இன்னும் பட்டியல்ல ஏறாம இருக்கலாம், ஏறியும் நீங்க தேடுற பாகம் மட்டும் ஏறாம இருக்கலாம், ஏறினது நீங்க டைப் பண்ற வடிவத்துல இல்லாம இருக்கலாம், இல்ல பட்டியலே கெட்டுப் போயிருக்கலாம். இதுல எது நடந்திருந்தாலும் ஸ்க்ரீன்ல வர்றது ஒரே பதில்தான், "எதுவும் கிடைக்கலை"ன்னு. இந்தக் குறையத்தான் நான் ரொம்ப பெருசா நினைக்கிறேன்.

அந்தப் பட்டியல எப்படித்தான் தயார் பண்றாங்க?

மெயில் வந்ததும் அதோட டெக்ஸ்ட்ட எடுத்து துண்டு துண்டா வெட்டுவாங்க, பொதுவா ஸ்பேஸ், புள்ளி, கமா, கோடு எங்க வருதோ அங்க. இந்த வேலைய பண்றதுக்குப் பேரு டோக்கனைசர். வெட்டின ஒவ்வொரு துண்டுக்கும் எதிர்ல அது எந்தெந்த மெயில்ல இருக்குன்னு நம்பர் போட்டு வைப்பாங்க. தேடும்போது உங்க கேள்வியையும் அதே மாதிரி வெட்டி, அந்தத் துண்டுக்கு எதிர்ல இருக்கிற நம்பர்கள எடுத்துக் காட்டுவாங்க. லட்சம் மெயில் இருந்தாலும் கண் சிமிட்டுற நேரத்துல பதில் வர்றதுக்கு இதுதான் காரணம், அந்த வேகத்த நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா எங்க வெட்டினாங்க, எத தூக்கிப் போட்டாங்க, எத மாத்தினாங்கங்கிறது எல்லாம் பட்டியல் போடும்போதே முடிவாகிடுது, தேடும்போது நீங்க என்ன தலைகீழா நின்னாலும் அத மாத்த முடியாது.

வார்த்தையோட நடுவுல இருக்கிறத வச்சு ஏன் தேட முடியல?

துண்டுகள் அகர வரிசையில அடுக்கி இருக்கிறதால ஆரம்பத்த வச்சு தேடுறது சுலபம், நடுவுலயோ கடைசியிலயோ வர்றத வச்சு தேடுறது கஷ்டம். அவுட்லுக்கோட சர்ச் பாக்ஸ் வேலை செய்யறது இப்படித்தான். "மெயில்"னு தேடினா "மெயில்பாக்ஸ்" கிடைக்கும், "இமெயில்" கிடைக்காது. "ஷீட்"னு தேடினா "ஸ்ப்ரெட்ஷீட்" வராது. முன்னாடி ஸ்டார் குறி போட்டு தேடிப் பாக்குறாங்க, அதுவும் அங்க உதவாது.

நடுவுல தேடணும்னா பட்டியல வேற மாதிரி கட்டணும், ஒவ்வொரு வார்த்தையையும் மூணு மூணு எழுத்தா நறுக்கி எல்லாத்தையும் ஏத்தணும். அப்படிச் செய்ய முடியும், ஆனா பட்டியல் பல மடங்கு பெருசாகும், அதனால பெரும்பாலான சாஃப்ட்வேர்ல செய்யறதில்ல. சர்வர் பக்கமும் இதே கதைதான். மெயில் சாஃப்ட்வேரும் சர்வரும் பேசிக்கிற முறைக்கு ஐமேப்னு பேரு, அதோட விதிமுறை, 2003ல வந்த ஆர்எஃப்சி 3501ங்கிற ஆவணம், தேடுற எழுத்துகள் டெக்ஸ்டுக்குள்ள எங்க இருந்தாலும் பொருந்தணும்னு தெளிவா சொல்லுது. ஆனா சர்வர்களும் வேகத்துக்காக இண்டெக்ஸ் பக்கம் போயிட்டாங்க. டவ்காட்ங்கிற மெயில் சர்வர்ல ஃப்ளாட்கர்வ்னு ஒரு சர்ச் ப்ளகின் இருக்கு, அதுல நடுவுல தேடுற வசதி உண்டு, ஆனா டிஃபால்ட்டா ஆஃப்ல இருக்கும்.

பில் நம்பர், பார்ட் நம்பர், இமெயில் அட்ரஸ் போட்டு தேடினா சம்பந்தமே இல்லாதது வருது, இல்லன்னா ஒண்ணுமே வரல. ஏன்?

வேலை விஷயமா மெயில் பாக்குறவங்க அதிகமா தேடுறது இந்த மாதிரி நம்பர்களத்தான், இண்டெக்ஸ் அதிகமா சொதப்புறதும் இங்கதான். "ஏபி-2291/07"னு ஒரு பில் நம்பர எடுத்துக்கோங்க. கோட்டுலயும் சாய்வுக் கோட்டுலயும் வெட்டினா "ஏபி", "2291", "07"னு மூணு துண்டாயிடும். நீங்க முழு நம்பரையும் கொடுத்து தேடினாலும் சில சாஃப்ட்வேர் இந்த மூணும் எங்கயாவது தனித்தனியா இருக்கிற மெயில எல்லாம் அள்ளிக்கிட்டு வரும். இன்னொரு சாஃப்ட்வேர் வெட்டாம முழுசா வச்சிருக்கும், அங்க "2291"னு மட்டும் தேடினா கிடைக்காது. எது எப்படி வெட்டுதுன்னு எந்த மெனுலயும் எழுதி வைக்கலை, நீங்களாத்தான் சோதிச்சுப் பாத்து கண்டுபிடிக்கணும்.

இத விட ஆச்சரியமான ஒண்ணு இருக்கு. பல சாஃப்ட்வேர் தகவல சேத்து வைக்க உள்ள வச்சிருக்கிற எஸ்க்யூலைட்ங்கிற டேட்டாபேஸோட, எஃப்டிஎஸ்3ங்கிற பழைய தேடல் பாகத்துல போர்ட்டர்னு ஒரு டோக்கனைசர் வரும். அதுல ஒரு துண்டுக்குள்ள எண் ஏதாவது இருந்து, ஆறு எழுத்துக்கு மேல நீளமா இருந்தா, முதல் மூணையும் கடைசி மூணையும் மட்டும் வச்சுக்கிட்டு நடுவ விட்டுடும். பத்து இலக்க ரெஃபரன்ஸ் நம்பர்ல நடுவுல நாலு இலக்கம் மாறினாலும் அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இது பக் இல்ல, இடத்த மிச்சம் பிடிக்க தெரிஞ்சே செஞ்சது. கட்டுரைகள தேடுறதுக்கு இது பரவாயில்ல, ஆனா நம்பர்களால நிறைஞ்ச மெயில்பாக்ஸுக்கு இந்த மாதிரி முடிவு சுத்தமா பொருந்தாது.

மேற்கோள் குறிக்குள்ள போட்டா அதே மாதிரி சரியா கிடைக்குமா?

துண்டுகள் அடுத்தடுத்து அதே வரிசையில வருதான்னு மட்டும்தான் பாக்கும். நடுவுல கமா இருந்துச்சா, கோடு இருந்துச்சா, பெரிய எழுத்தா சின்ன எழுத்தாங்கிறது எல்லாம் ஏற்கனவே போயிடுச்சு. இங்கிலீஷ் வார்த்தைகளோட வாலையும் சில இண்டெக்ஸ் நறுக்கிடும், எல்லா ஃபோல்டரையும் சேத்துத் தேடுற தண்டர்பேர்டோட குளோபல் சர்ச் அப்படித்தான், அதனால ஒரு வினைச்சொல்லோட எல்லா வடிவமும் ஒண்ணாத்தான் வரும். அது பல நேரம் நல்லதுதான். சரியா இந்த வடிவம் மட்டும் வேணும்னு கேக்குறப்பதான் இடிக்கும்.

தமிழ்ல எழுதின மெயில தேடினா ஏன் இவ்வளவு மோசமா வருது?

இதுக்கு மூணு நாலு காரணம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது.

முதல்ல நம்ம மொழியோட இயல்பு. "வீடு"ன்னு தேடுவோம், மெயில்ல "வீட்டை", "வீட்டுக்கு", "வீட்டிலிருந்து"ன்னு இருக்கும். ஆரம்பத்த வச்சு தேடுற இண்டெக்ஸுக்கு "வீடு"ங்கிறது "வீட்டை"யோட ஆரம்பம் கிடையாது, வ, ஈகாரக் குறி, டன்னு கம்ப்யூட்டர் தனித்தனியா வைக்கிற குறியீடுகள்ல மூணாவதுக்கு அப்புறம் புள்ளி வந்து பாதை பிரிஞ்சிடுது. இங்கிலீஷ் வார்த்தைக்கு வால் நறுக்குற மாதிரி தமிழ் வேற்றுமை உருபுகள நறுக்குற வசதி நம்ம கைல இருக்கிற மெயில் சாஃப்ட்வேர்கள்ல இல்ல. அதனால "வீட்"னு மாறாத பாகத்த மட்டும் கொடுத்து ஒரு தடவை, "வீடு"ன்னு ஒரு தடவை, ரெண்டு தடவை தேடுறதுதான் இப்போதைக்கு வழி.

அடுத்தது வெட்டுற இடம். எஸ்க்யூலைட்டோட புது எஃப்டிஎஸ்5ல டிஃபால்ட்டா இருக்கிற யூனிகோட்61 டோக்கனைசர் எழுத்து, எண்ணுன்னு யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் கம்ப்யூட்டர்ல குறியீடு கொடுக்கிற உலகத் தரம்) வகைப்படுத்தினத மட்டும்தான் வார்த்தையோட பாகமா எடுத்துக்கும், மத்தது எல்லாம் அதுக்குப் பிரிப்பான். நம்ம புள்ளி, கால், கொம்பு, சுழி எல்லாம் யூனிகோட்ல எழுத்துன்னு இல்ல, குறின்னு வகைப்படுத்தி இருக்கு. விளைவு, "வீடு"ங்கிற வார்த்தை "வ", "ட"ன்னு ரெண்டு துண்டாயிடும், "வாடி", "வேடு", "வாடை" எல்லாமும் அதே ரெண்டு துண்டு, எத தேடினாலும் எல்லாம் சேர்ந்து வரும். அந்தக் குறிகளையும் சேத்துக்கோன்னு ஒரு செட்டிங் அதுலயே இருக்கு, சாஃப்ட்வேர் எழுதுறவர் ஒரு வரி சேத்தா போதும். ஆனா தமிழ்லயோ ஹிந்திலயோ சோதிச்சுப் பாத்தாதானே அந்த வரி வேணும்னு அவருக்குத் தெரியும்.

மூணாவது, பாக்க ஒண்ணா இருக்கிறது உள்ள ரெண்டா இருக்கிறது. "கொ"ங்கிற எழுத்த க கூட ஒகரக் குறிய ஒரே குறியீடா சேத்தும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டு குறியீடா சேத்தும் எழுதலாம். யூனிகோட் ரெண்டும் சமம்னு சொல்லுது, ஆனா இண்டெக்ஸ் போடுறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வரணும், அத செய்யாத சாஃப்ட்வேர்ல அனுப்பினவரோட கீபோர்டும் உங்க கீபோர்டும் வேறன்னா தேடல் பொருந்தாது. "ஸ்ரீ"க்கும் இதே பிரச்சினை, ஸ வச்சும் எழுதுறாங்க, 2005ல யூனிகோட் 4.1ல சேந்த ஶ வச்சும் எழுதுறாங்க. இதுல ரெண்டும் சமம்னு யூனிகோடே சொல்லலை, அதனால சாஃப்ட்வேர் ஒழுங்கா இருந்தாலும் ரெண்டு விதமாவும் தேடித்தான் ஆகணும்.

கடைசியா பழைய மெயில். யூனிகோட் பரவுறதுக்கு முன்னாடி டிஸ்கி, டாப், டாம்னு வேற வேற குறியீட்டுல, குறிப்பிட்ட ஃபாண்ட் இருந்தாதான் படிக்க முடியும்ங்கிற நிலைமையில நிறைய மெயில் எழுதினோம். அது எல்லாம் இண்டெக்ஸுக்கு அர்த்தமில்லாத லத்தீன் எழுத்துக் குவியல். அந்தக் கால மெயில்கள் வச்சிருக்கிறவங்க ஒரு பிரதி எடுத்து யூனிகோடுக்கு மாத்தி வச்சுக்கோங்க. எத்தனையோ பேரோட எழுத்து வாழ்க்கை அந்த ஃபைல்களுக்குள்ள இருக்கு, தேட முடியாததாலயே அது மறந்து போறது எனக்கு ரொம்ப வருத்தம்.

அட்டாச்மெண்டுக்குள்ளயும் தேடுதா?

சாஃப்ட்வேரப் பொறுத்தது. தண்டர்பேர்டோட குளோபல் சர்ச் அட்டாச்மெண்ட் ஃபைலோட பேர தேடும், ஃபைலுக்குள்ள இருக்கிற டெக்ஸ்ட தேடாது. விண்டோஸ் அவுட்லுக்ல, மெயில் உங்க கம்ப்யூட்டர்ல இண்டெக்ஸ் ஆகுதுன்னா, விண்டோஸ் சர்ச் அந்த ஃபைல் வகைக்கான ஃபில்டர் (உள்ள இருக்கிற டெக்ஸ்ட எடுத்துக் கொடுக்கிற பாகம்) இருக்கான்னு பாத்து, இருந்தா உள்ளயும் படிக்கும். ஃபில்டர் இல்லாத வகைன்னா பேர் மட்டும்தான்.

ஃபில்டர் இருந்தாலும் ஸ்கேன் பண்ணி அனுப்பின பிடிஎஃப்க்குள்ள டெக்ஸ்ட்னு ஒண்ணு கிடையாது, அது படம். எழுத்துணரி (படத்துல இருக்கிற எழுத்த டெக்ஸ்டா மாத்துற சாஃப்ட்வேர்) ஓட்டாத வரைக்கும் அதுல இருக்கிற ஒரு வார்த்தை கூட தேடல்ல வராது. பாஸ்வேர்ட் போட்ட ஜிப்பும் அப்படியே. ஒப்பந்தம், ரசீது, சான்றிதழ்னு முக்கியமானது எல்லாம் ஸ்கேனாத்தான் வருது, மெயில் டெக்ஸ்ட்ல "இணைப்பைப் பார்க்கவும்"னு ஒரே வரி இருக்கும். அந்த மாதிரி மெயில் வந்தா நீங்களே உங்களுக்கு அத ஃபார்வர்ட் பண்ணி, ரெண்டு வரி விவரம் டைப் பண்ணி வைங்க, பின்னாடி தேடும்போது அந்த ரெண்டு வரிதான் கைகொடுக்கும்.

என்கிரிப்ட் பண்ணின மெயில்?

எஸ்மைம், ஓபன்பிஜிபிங்கிற முறைகள்ல பூட்டி வந்த மெயிலோட உடம்பு இண்டெக்ஸ்ல பொதுவா ஏறாது, சப்ஜெக்ட், அனுப்பினவர், தேதி வச்சுதான் தேடணும். ஏத்தலாமேன்னு கேக்கலாம். ஏத்தினா பூட்டின கடிதத்துல இருக்கிற சொற்கள் எல்லாம் பூட்டாத பட்டியல்ல டிஸ்க்ல உக்காந்திருக்கும், அப்புறம் என்கிரிப்ட் பண்ணினதுக்கே அர்த்தம் குறைஞ்சு போயிடும். நாட்மச்சுங்கிற சாஃப்ட்வேர்ல வேணும்னா ஏத்திக்கிற செட்டிங் இருக்கு, அதோட கையேட்டுலயே இந்த ஆபத்த எச்சரிச்சிருக்காங்க. டிஸ்க் முழுசையும் என்கிரிப்ட் பண்ணி வச்சிருந்தா மட்டும் அந்தப் பக்கம் போங்க.

ஒரே அக்கவுண்ட், ரெண்டு கம்ப்யூட்டர், ஒரே வார்த்தை. ரிசல்ட் மட்டும் வேற வேற. ஏன்?

மெயில் எவ்வளவு தூரம் கம்ப்யூட்டருக்கு இறங்கி இருக்குங்கிறதுதான் வித்தியாசம். எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டோட ஆபீஸ் மெயில் சர்வர்) அக்கவுண்ட் வச்சிருக்கிற கிளாசிக் அவுட்லுக்ல, அதாவது விண்டோஸ்ல இருக்கிற பழைய வடிவ அவுட்லுக்ல, எத்தனை மாச மெயில ஆஃப்லைன்ல வைக்கணும்னு ஒரு ஸ்லைடர் இருக்கு, பல இடத்துல அது ஒரு வருஷத்துல நிக்கும். அதுக்கு முந்தின மெயில் சர்வர்ல மட்டும்தான் இருக்கும், நெட் இல்லாதப்போ தேடினா அது வராது, லிஸ்ட்டோட கடைசில சர்வர்ல இன்னும் இருக்குன்னு ஒரு சின்ன லிங்க் மட்டும் வரும், அத பலர் கவனிக்கிறதே இல்ல. அதோட சர்வர்ல தேடுறதுக்கு ஒரு எஞ்சின், கம்ப்யூட்டர்ல தேடுறதுக்கு வேற எஞ்சின், ரெண்டும் வெட்டுற விதம் வேற. எந்த நேரம் எது பதில் சொல்லுதுன்னு ஸ்க்ரீன பாத்து கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

தண்டர்பேர்ட்ல ஐமேப் ஃபோல்டர ஆஃப்லைனுக்கு எடுக்கலைன்னா தலைப்பு விவரம் மட்டும்தான் இறங்கி இருக்கும், உடம்பு இறங்காத மெயிலோட உடம்ப இண்டெக்ஸ் எப்படிப் படிக்கும்? ஒவ்வொரு ஃபோல்டரோட ப்ராப்பர்ட்டீஸ்லயும் குளோபல் சர்ச்ல சேக்கணுமாங்கிற டிக் இருக்கு, அதையும் ஒரு தடவை பாத்துக்கோங்க.

ஸ்பாம், டிலீட்டட் ஃபோல்டர்ல இருக்கிறது வருமா?

பல சாஃப்ட்வேர் டிஃபால்ட்டா விட்டுடும். அவுட்லுக்ல டிலீட்டட் ஐட்டம்ஸையும் சேத்துத் தேடுன்னு சர்ச் ஆப்ஷன்ஸ்ல ஒரு டிக் இருக்கு. இப்ப நிக்கிற ஃபோல்டர் மட்டுமா, மெயில்பாக்ஸ் முழுசுமாங்கிறதையும் சர்ச் பாக்ஸ் பக்கத்துலயே பாத்துக்கோங்க, "வரல"ங்கிற புகார்ல கணிசமானது அங்கயே தீந்துடும்.

டிலீட் பண்ணின மெயில் தேடல்ல வருது, கிளிக் பண்ணினா திறக்கல. பயப்படணுமா?

பட்டியல்ல இருந்து அந்த நம்பர இன்னும் எடுக்கலைன்னு அர்த்தம். மெயில் போயிடுச்சு, நிழல் நிக்குது. கொஞ்ச நேரத்துல தானா சரியாகணும், ஆகலைன்னா ரீபில்ட், அதாவது பட்டியல முதல்ல இருந்து திரும்பக் கட்டுறது, தேவை. ஆனா இதுல யோசிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு, நீங்க அழிச்சிட்டதா நினைக்கிற கடிதத்தோட சொற்கள் இண்டெக்ஸ் ஃபைல்ல தங்கி இருக்க வாய்ப்பு இருக்கு. கம்ப்யூட்டர வேற ஒருத்தர் கைக்குக் கொடுக்கும்போது மெயில மட்டும் அழிச்சா பத்தாது.

இண்டெக்ஸ் வேலை முழுசா முடிஞ்சுதான்னு எப்படி பாக்குறது?

கிளாசிக் அவுட்லுக்ல சர்ச் டூல்ஸுக்குள்ள இண்டெக்ஸிங் ஸ்டேட்டஸ்னு இருக்கு, இன்னும் எத்தனை பாக்கின்னு சொல்லும். தண்டர்பேர்ட்ல டூல்ஸ் மெனுல ஆக்டிவிட்டி மேனேஜர். ஆனா "பாக்கி எதுவும் இல்ல"ன்னு அது சொன்னா, அதுக்குத் தெரிஞ்ச வரைக்கும் பாக்கி இல்லன்னுதான் அர்த்தம். படிக்க முடியாம தாண்டிப் போன மெயில் எத்தனைன்னு அது சொல்லாது. அதனால நான் நம்புற சோதனை வேற. ஒவ்வொரு வருஷத்துலயும் ஒரு மெயில கண்ணால பாத்து எடுங்க, அதோட உடம்புல நடுவுல இருக்கிற அபூர்வமான வார்த்தை ஒண்ண எடுத்து தேடுங்க. அந்த வருஷம் வருதா வரலையான்னு உடனே தெரிஞ்சிடும், எங்க ஓட்டை இருக்குங்கிறதும் தெரிஞ்சிடும்.

ரீபில்ட் பண்ணினா எல்லாம் சரியாயிடுமா?

பட்டியல் கெட்டுப் போயிருந்தா சரியாகும். வெட்டுற விதம்தான் காரணம்னா நூறு தடவை ரீபில்ட் பண்ணினாலும் அதே பட்டியல்தான் திரும்ப வரும். "ஷீட்" தேடி "ஸ்ப்ரெட்ஷீட்" வரலைன்னு ரீபில்ட் போட்டு ராத்திரி முழுக்க கம்ப்யூட்டர ஓட விடுறவங்க இருக்காங்க, அது வீண்.

செய்யற விதம் இதுதான். விண்டோஸ்ல கண்ட்ரோல் பேனல்ல இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ், அதுல அட்வான்ஸ்டு, ரீபில்ட். இதுல அவுட்லுக் மட்டும் இல்லாம கம்ப்யூட்டர்ல இருக்கிற மத்த ஃபைல்களோட இண்டெக்ஸும் சேந்து அழிஞ்சு முதல்ல இருந்து ஆரம்பிக்கும், அதனால அன்னைக்கு உங்க வேலை முடிஞ்சதும் ரீபில்ட் போட்டு விடுங்க. அவுட்லுக் மெயில சேத்து வைக்கிற பிஎஸ்டி ஃபைலே அடி வாங்கி இருந்தா முதல்ல ஸ்கேன்பிஎஸ்டி டூல வச்சு அத சரி பண்ணணும், அப்புறம்தான் இண்டெக்ஸ். தண்டர்பேர்ட்ட மூடிட்டு ப்ரொஃபைல் ஃபோல்டர்ல குளோபல் மெசேஜஸ் டிபிங்கிற பேர்ல இருக்கிற எஸ்க்யூலைட் ஃபைல அழிச்சா, அடுத்த தடவை திறக்கும்போது தானா புதுசா கட்டும், மெயிலுக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு ஃபோல்டர் மட்டும் தகராறுன்னா அதோட ப்ராப்பர்ட்டீஸ்ல ரிப்பேர் ஃபோல்டர் போதும். ஆப்பிள் மெயில்ல மெயில்பாக்ஸ் மெனுல ரீபில்ட் இருக்கு, ஐமேப் அக்கவுண்ட்னா சர்வர்ல இருந்து மறுபடி இறக்கும், பெரிய மெயில்பாக்ஸ்னா நேரம் எடுக்கும்.

ரீபில்ட் ஓடிட்டு இருக்கும்போது தேடாதீங்க, தேடினாலும் வர்ற பதில நம்பாதீங்க.

இண்டெக்ஸ் இல்லாமலே, ஒவ்வொரு மெயிலா படிச்சு தேட வைக்க முடியுமா?

முடியும், இது பலருக்குத் தெரியலங்கிறதுதான் குறை. தண்டர்பேர்ட்ல கண்ட்ரோல் ஷிஃப்ட் எஃப் அழுத்தினா சர்ச் மெசேஜஸ் விண்டோ வரும். அது குளோபல் இண்டெக்ஸ தொடாது, மெயில நேரா படிக்கும், வார்த்தையோட நடுவுல இருக்கிறதையும் பிடிக்கும், "வீட்" கொடுத்தா எல்லா "வீட்டை"யும் வரும். வேணும்னா தேடுற வேலைய சர்வர்கிட்டயே விடவும் ஒரு டிக் இருக்கு. மெயில் லிஸ்டுக்கு மேல வர்ற குவிக் ஃபில்டரும், கண்ட்ரோல் ஷிஃப்ட் கே, நடுவுல தேடும், ஆனா நிக்கிற ஃபோல்டருக்குள்ள மட்டும்.

கிளாசிக் அவுட்லுக்லயும் அதே கண்ட்ரோல் ஷிஃப்ட் எஃப்தான், அட்வான்ஸ்டு ஃபைண்ட் திறக்கும். அதுல அட்வான்ஸ்டு டேபுக்குப் போய் ஃபீல்ட தேர்ந்தெடுத்து, அதுல இந்த எழுத்துகள் அடங்கி இருக்கணும்னு நிபந்தனை போடுங்க, சாதாரண சர்ச் பாக்ஸ் விட்டது பல நேரம் இதுல வரும். மெதுவாத்தான் ஓடும், ஓடட்டும், டீல் முடிவாகப் போற ஒரு மெயில தேடுறப்போ நிமிஷக் கணக்கு பாக்க வேண்டியதில்ல.

மெயில் ஃபைல்கள நேரா க்ரெப்ங்கிற தேடல் கமாண்ட் வச்சு தேடுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல மெயில ஒண்ணா சேத்து வைக்கிற எம்பாக்ஸ் ஃபைலுக்குள்ள மெயில் உடம்பு பல நேரம் பேஸ்64, கோட்டட் பிரிண்டபிள்னு வேற எழுத்து வடிவத்துக்கு மாத்தி வச்சிருக்கும், தமிழ் மெயில்னா அனேகமா அப்படித்தான், அத டிகோட் பண்ணாம தேடினா இருக்கிறதும் இல்லன்னுதான் வரும்.

நாட்மச், ரீகால் மாதிரி தனி தேடல் சாஃப்ட்வேர் வச்சுக்கலாமா?

வச்சுக்கலாம், நான் அத ஆதரிக்கிறேன். நாட்மச்சும் "மு"ங்கிற சாஃப்ட்வேரும் மெயிலுக்குன்னே எழுதினது, ரீகால் டெஸ்க்டாப் முழுசுக்கும், மெயிலோட அட்டாச்மெண்ட் உள்ளயும் படிக்கும். மூணும் சேபியன்ங்கிற ஒரே தேடல் லைப்ரரி மேலதான் நிக்குது. இதுகளும் இண்டெக்ஸ்தான், அதனால வெட்டுற பிரச்சினை இங்கயும் உண்டு. வித்தியாசம் என்னன்னா என்ன ஏறுது, என்ன ஏறலைங்கிறத ஒளிச்சு வைக்கலை, கையேட்டுல எழுதி இருக்கு, செட்டிங்க நீங்களே மாத்தலாம். தவிர, ஒரு தேடல் விட்டத இன்னொரு தேடல் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

கம்ப்யூட்டர் ஸ்லோவாகுது, இண்டெக்ஸிங்க ஆஃப் பண்ணிடலாமா?

முதல் தடவை பட்டியல் கட்டும்போது பாரமாத்தான் இருக்கும், கட்டி முடிச்சதும் புது மெயிலுக்கு மட்டும்தான் வேலை. ஆஃப் பண்ணினா தேடலே நின்னுடாது, விண்டோஸ் சர்ச் ஆஃப்னா அவுட்லுக் தன்னோட பழைய மெதுவான தேடலுக்கு மாறிக்கும். மெயில் கொஞ்சமா இருக்கிறவங்க தாராளமா ஆஃப் பண்ணலாம். நிறைய இருந்தா வேண்டாம்.

தேடினேன், வரல. அப்போ அந்த மெயில் வரவே இல்லன்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்காதீங்க. இந்தப் பக்கத்த எழுதினதே இந்தக் கேள்விக்காகத்தான்.

தேடி கிடைச்சு, திறக்கவும் செஞ்சா இருக்குங்கிறது உறுதி. கிடைக்கலைன்னா இண்டெக்ஸ்ல இந்தத் துண்டு இல்லங்கிறது மட்டும்தான் உறுதி. ஒருத்தர் "போன மாசமே அனுப்பிட்டேனே"ன்னு சொல்றாரு, நாம தேடிப் பாத்துட்டு "வரலையே"ன்னு சொல்றோம், அந்த இடத்துல ஒரு மனுஷனோட பேச்ச விட ஒரு அரைகுறை பட்டியல நம்புறோம். ஆபீஸ்ல இதனால கசப்பு வருது, பணம் கொடுக்கல் வாங்கல்ல சண்டை வருது. வக்கீல் கேட்டோ ஆடிட்டர் கேட்டோ "இந்த விஷயமா எந்த மெயிலும் இல்ல"ன்னு எழுதிக் கொடுக்கும்போது இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், ஏன்னா அங்க நீங்க சொல்றது வாக்குமூலம்.

இல்லன்னு சொல்றதுக்கு முன்னாடி குறைஞ்சது இத செய்யுங்க. வார்த்தைய விட்டுட்டு அனுப்பினவர் பேர வச்சு தேடுங்க. அதுவும் வரலைன்னா அந்த வாரத்த தேதி வாரியா திறந்து கண்ணால பாருங்க. ஸ்பாம், டிலீட்டட், ஆர்கைவ் மூணையும் திறந்து பாருங்க. அப்புறம் வெப் மெயில்ல நுழைஞ்சு சர்வர்ல தேடுங்க, அப்புறம் இண்டெக்ஸ் இல்லாத தேடல ஒரு தடவை ஓட விடுங்க. இவ்வளவும் பண்ணிட்டு வரலைன்னா "எனக்குக் கிடைக்கலை, மறுபடி அனுப்ப முடியுமா"ன்னு கேளுங்க.

சாஃப்ட்வேர் பண்றவங்க இதுல என்ன மாத்தணும்?

பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். "எதுவும் கிடைக்கலை"ன்னு காட்டுற அதே இடத்துல, எந்தெந்த ஃபோல்டர தேடினோம், எந்தத் தேதி வரைக்கும் தேடினோம், எத்தனை மெயிலோட உடம்பு இன்னும் படிக்கலை, எத்தனை அட்டாச்மெண்ட்ட படிக்க முடியலைன்னு எழுதணும். இந்த விவரத்துல பெரும்பகுதி சாஃப்ட்வேர்கிட்ட ஏற்கனவே இருக்கு, காட்டுறதில்ல, அவ்வளவுதான். அதுக்குப் பக்கத்துலயே "மெதுவா, ஒவ்வொரு மெயிலா படிச்சு தேடு"ன்னு ஒரு பட்டன் வைக்கணும். இப்ப அந்த வசதி எங்கயோ மெனுக்குள்ள ஒளிஞ்சிருக்கு, ஷார்ட்கட் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் பயன்.

அதோட டோக்கனைசர தேர்ந்தெடுக்கும்போது இங்கிலீஷ்ல மட்டும் சோதிச்சு விட்டுடக் கூடாது. குறி ஏறின எழுத்து வர்ற மொழிகள பேசுறவங்க கோடிக்கணக்குல இருக்கோம். தமிழ் தெரிஞ்ச டெவலப்பர்கள் யாராவது இத படிச்சா, உங்களுக்குப் பிடிச்ச ஓபன் சோர்ஸ் மெயில் சாஃப்ட்வேர்ல "வீடு"ன்னு ஒரு மெயிலும் "வாடி"ன்னு ஒரு மெயிலும் போட்டு தேடிப் பாருங்க, ரெண்டும் சேந்து வந்தா ஒரு பக் ரிப்போர்ட் போடுங்க. டோக்கனைசரோட செட்டிங்ல எந்த வகைக் குறிகள சேக்கணும்னு அதுலயே எழுதிக் கொடுத்தா அவங்களுக்கும் திருத்துறது சுலபம்.